கல்லச்சில் ஒரு தெரு

கண் ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்ததும் எனக்கு முதலில் தெரிந்தது என் கடையின் அழுக்குத்தான். மெஷின் காலில் சுற்றிக் கிடந்த நூல், மூலையில் ஒட்டடை, கண்ணாடிக் கதவு முழுக்க வந்தவர் போனவரின் கைத்தடம். இந்தக் குப்பைக்கு நடுவிலா முப்பது வருஷமாக உட்கார்ந்து ஊரார் சேலைக்கு ஃபால்ஸ் தைத்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டுவது எனக்குக் கைவந்த கலை. என் பெயர் ரோஷன் பேகம். பெரிய கடை வீதிக்குப் பின்னால் எங்கள் தெருவில் வந்து பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பிக்கோ கடை வாய்க்காரம்மா என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

பத்தாம் நாள் பரிசோதனைக்கு என் மகள் ஜஹானாரா ஸ்கூட்டியில் தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கண்ணைக் கொண்டுபோய் அந்த சீரியலில் கொட்டுவானேன் என்று சுவரைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் ஆறு படங்கள், கண்ணாடி போட்டு வரிசையாக மாட்டியிருந்தார்கள்.

போட்டோ என்றுதான் நினைத்தேன். எழுந்து பக்கத்தில் போனால் போட்டோ இல்லை, கையால் வரைந்தது. ஆறும் திருச்சி. பொன்மலை ஒர்க்‌ஷாப் கேட்டும் அதிலிருந்து வரும் சைக்கிள்களும் ஒன்றில். காந்தி மார்க்கெட் ஒன்றில். ஒவ்வொரு ஓடும் தனித்தனியாக இருந்தது. ஜன்னல் கம்பிகளை எண்ணலாம். மொட்டை மாடியில் காயும் கைலியின் கட்டத்தைக்கூட விடவில்லை. சும்மா சொல்லக் கூடாது, போட்டவருக்கு அப்படியொரு பொறுமை. இவ்வளவு போட்டவர் கடைப் பலகைகளில் மட்டும் ஒரு எழுத்துகூட எழுதவில்லை, எல்லாம் வெறும் பலகை. அதோடு எந்த இடத்தைப் பார்த்தாலும் செருப்பைக் கால் மாற்றிப் போட்ட மாதிரி ஏதோ ஒன்று உறுத்தியது. புதுக் கண் பழகவில்லை, அதுதான் என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது படம் ஒரு தெரு. மேலேயிருந்து பார்க்கிற மாதிரி நீளவாக்கில் வரைந்திருந்தது. தூரத்தில் இடது பக்கம் மலைக்கோட்டை. வலது பக்கம் மூன்று படி ஏறுகிற சின்னக் கடை, அதன் இருட்டுக்குள் ஒரு பொம்பளை கூன் போட்டுக்கொண்டு எதையோ குனிந்து பார்த்தபடி இருந்தாள். இப்படி உட்கார்ந்தால் இவள் முதுகு என்னத்துக்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டே இடது பக்கம் வந்தேன். அங்கே ஒரு ட்ரான்ஸ்பார்மர். அதன் பின்னால், சுவரில் ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு என் மகன் அப்ரார் நின்றிருந்தான்.

கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தான். முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் முகம் எதற்கு எனக்கு? தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் காலத்தில் ஸ்கூலில் சேர்க்கும்போது அப்படித் தொடச் சொல்வார்கள். கை காதுக்கு எட்டினால் வயசு சரி. அன்றைக்குத் தொட்டவன் பிறகு விடவே இல்லை. யோசனை வந்தாலும் பயம் வந்தாலும் கை தலைக்கு மேலே போய்விடும். இருபத்திரண்டு வயசு ஆம்பளை இப்படி நிற்கலாமாடா என்று எத்தனை தடவை கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

படத்துக்கு அடியில் பென்சிலால் 'வை' என்று ஒரு எழுத்தும் 2019 என்று வருஷமும் எழுதியிருந்தது. அந்த வருஷத்தை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்ரார் வீட்டை விட்டுப் போனது 2016.

அவன் போன கதையையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது. அவனுடைய அத்தா மௌத்தான பிறகு நான் ஒருத்தியாகத்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தேன். என் தம்பி ஷார்ஜாவில் இவனுக்கு வேலை பார்த்து விசா அனுப்பினான். புறப்படுகிற அன்று தெருவுக்கே பிரியாணி போட்டோம். ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டு, உள்ளே போகிறவனுக்குக் கை காட்டிவிட்டு வந்து, மிச்சம் மீதி இருந்த சொந்தக்காரர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெட்டியோடு இறங்கி வந்தான். "பயமா இருந்துச்சும்மா, ஏறல" என்றான். கை தலைக்கு மேலே இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "என் கண் முன்னால நிக்காதே, போயிரு" என்றேன்.

எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். கேஸ் சிலிண்டர் தாமதமாகக் கொண்டுவருபவனிடம்கூட அதைத்தான் சொல்வேன். சொன்னால் யாரும் போக மாட்டார்கள், கொஞ்ச நேரம் அடுத்த தெருவில் சுற்றிவிட்டு வந்து சோறு கேட்பார்கள். இவன் போய்விட்டான். போன் போட்டால் அந்த நம்பரே இல்லை என்றது, கூட்டாளிகளுக்கும் எங்கே போனான் என்று தெரியவில்லை. முதல் ஒரு மாதம், வரட்டும் வச்சுக்கறேன் என்று வீம்பாக இருந்தேன். பிறகு போலீஸ், பேப்பர் விளம்பரம், நாகூர், ஏர்வாடி என்று தேடாத இடமில்லை. ஜஹானாரா வெளியே சொல்லவில்லையே தவிர, சில வருஷமாகத் தன் தம்பியைப் பற்றிப் பேசும்போது 'இருந்தான்' என்றுதான் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் 'இருக்கான்' என்று நான் திருத்துவேன்.

இப்போது படத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அம்மா, இது தம்பி இல்ல" என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"நல்லாப் பாரு. இந்த ஆளு வலது கையால காதைப் பிடிச்சிருக்கான். அப்ரார் இடது கைக்காரன். எல்லாத்துக்கும் இடது கைதான். அதுக்காக அவனை நீ எவ்ளோ அடிச்சிருக்கே."

அவள் சொன்னது நிஜம். படத்தில் இருந்தது வலது கை. ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா? மருந்து வாசனை அடிக்கிற அந்த ஹாலில் நின்றுகொண்டு, "கை எதுவா வேணா இருக்கட்டும். நிக்கிறது என் பிள்ளை" என்று கத்தினேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரிசப்ஷனில் இருந்த பெண் பிரான்சி ஓடி வந்தாள். படம் யார் போட்டது என்று கேட்டேன். "டாக்டர் சார் வாங்கி மாட்டினதும்மா, யாருன்னு எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்றேங்க" என்றாள். போனில் அந்தப் படத்தை எடுத்து ஜஹானாராவுக்கு அனுப்பியும் வைத்தாள். அன்றைக்கு டாக்டர் என் கண்ணில் லைட் அடித்துப் பார்த்து, அழக் கூடாது, தையல் இல்லாவிட்டாலும் புண் புண்தான் என்றார். அவரிடமே கேட்டேன். பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை, யாரோ ஸ்ரீரங்கத்து அம்மா, நம்பரைத் தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அதுவரை சும்மா இருக்க என்னால் முடியுமா? அந்தத் தெருவைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அங்கே டீக்கடையில், சலூனில் கேட்டால் அப்ராரை யாருக்காவது தெரிந்திருக்கும் என்று கிளம்பினேன். கடையைப் பாதி நாள் பூட்டினேன். பாலக்கரை, வரகனேரி, உறையூர், சிந்தாமணி. தெரு முனையில் நின்று போனைப் பார்ப்பேன், மலைக்கோட்டையைப் பார்ப்பேன். மலைக்கோட்டை இடது பக்கம் இருந்தால் ட்ரான்ஸ்பார்மர் இருக்காது. ட்ரான்ஸ்பார்மர் இருந்தால் மூன்று படிக் கடை இருக்காது. ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்து, "முப்பத்தஞ்சு வருஷமா ஓட்டுறேங்க. இப்படி ஒரு தெரு திருச்சியில கிடையாது. அந்தம்மா கற்பனையில போட்டிருக்கும்" என்றார். கற்பனையாம். போட்டவர் தெருவைக் கற்பனை செய்யலாம், என் பிள்ளை நிற்கிற நிலையை எப்படிக் கற்பனை செய்ய முடியும் என்று அந்த மனுஷனிடம் சண்டைக்குப் போனேன். பாவம், கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் பிரான்சி போன் செய்தாள். வைதேஹி, கீழ உத்தர வீதி, ஸ்ரீரங்கம்.

எடமலைப்பட்டி புதூரில் குடியிருக்கும் ஜஹானாரா லீவு போட்டுவிட்டு வந்தாள். "அம்மா, அங்க போய் அவங்ககிட்டக் கத்தாதே. தெரியலன்னு சொன்னா வந்துரணும்" என்று வழி நெடுக ஓதிக்கொண்டே வந்தாள். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. எனக்கு ஒரே ஒரு பதில் போதும். நிஜமாகப் பார்த்துப் போட்டாரா? பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் 2019 வரைக்கும் என் பிள்ளை உயிரோடு இந்த ஊரில் நின்றிருக்கிறான் என்று அர்த்தம்.

வைதேஹிக்கு நாற்பத்தைந்து வயசிருக்கும். மடிசார் மாமி யாரோ வந்து கதவைத் திறப்பார் என்று நினைத்துப் போனேன். சுடிதாரும் கை நிறைய மையுமாக வந்து நின்றார். "வாங்கோ, உள்ள வாங்கோ. தீர்த்தம் சாப்பிடறேளா?" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். கூடத்துக்கு அடுத்த அறையில் பெரிய சக்கரம் வைத்த இரும்பு அச்சு மெஷின் ஒன்று இருந்தது. சுவரோரம் தகடுகள் அடுக்கியிருந்தன.

நான் உட்காரவில்லை. போனை நீட்டி, "ஏம்மா, இதுல நிக்கிற ஆளை நீங்க நேர்ல பார்த்தீங்களா, மனசுல இருந்து போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"மனசுலேர்ந்து நான் ஒண்ணுமே போட மாட்டேம்மா. எனக்கு வராது. கண்ணுக்கு முன்னாடி இருந்தாத்தான் கை ஓடும்" என்றார்.

அல்லாவே என்றேன். ஜஹானாராதான் சுதாரித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி, ஷார்ஜா, இடது கை, இல்லாத தெரு. வைதேஹி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து, அதே படத்தின் இன்னொரு பிரதியை இரண்டு கையாலும் எடுத்து வந்தார்.

"இதுக்குக் கல்லச்சுன்னு பேரு, இப்போ கல்லுக்குப் பதிலா தகடு. எல்லாரும் வீட்ல உக்காந்து, இடம் வலமா மாத்தி வரைஞ்சு அச்சுப் போடுவா. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. தகட்டைத் தெருவுக்கே எடுத்துண்டு போயி, பார்க்கறதை அப்படியே அதுமேல வரைஞ்சுடுவேன். அச்சுல ஏத்தினா இடது வலதாயிடும், வலது இடதாயிடும். எழுத்துன்னா காட்டிக் குடுத்துடும், அதனால பலகையெல்லாம் வெறுமனே விட்டுடுவேன்" என்றார். சொல்லிக்கொண்டே தாளைத் திருப்பி, பின்பக்கம் எங்களுக்குத் தெரிகிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

மலைக்கோட்டை வலது பக்கம் வந்துவிட்டது. அப்ராரின் கை இடது கையானது. "அம்மா" என்று ஜஹானாரா அந்தக் கையைத் தொட்டுக் காட்டினாள். நான் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் மூன்று படி ஏறுகிற கடை. இப்போது ரோட்டைத் தூக்கிப் போட்டதில் ஒரு படிதான் மிச்சம், அப்போது மூன்று இருந்தது. முப்பது வருஷம் உள்ளேயிருந்து வெளியே பார்த்தவளுக்கு வெளியேயிருந்து தன் கடை எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. உள்ளே கூன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பொம்பளை நான்தான். "இது என் கடை" என்றேன்.

என் பிள்ளை எனக்கு எதிரே நின்றிருந்தான். நடுவில் இருபது அடி ரோடு.

வைதேஹி தாளை மேஜைமேல் வைத்தார். "உங்க தெரு முனைல பழைய லாட்ஜ் இருக்கோல்லியோ, அதோட மாடிப்படி திருப்பத்துல உக்காந்து வரைஞ்சேன். தை மாசம். அந்தப் பிள்ளை எனக்கு நன்னா ஞாபகம் இருக்கார்" என்றார்.

"எவ்ளோ நேரம் நின்னாரு?" என்று ஜஹானாரா கேட்டாள்.

வைதேஹி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் நடந்து போறவாளைப் போடறதில்லைம்மா. ஒருத்தரைப் பார்த்துட்டு ரெண்டு கோடு போடறதுக்குள்ள போயிடுவா. யார் ரொம்ப நேரம் அசையாம இருக்காளோ அவாளைத்தான் போட முடியும். அந்தத் தெருவுல கூட்டம் எவ்வளவு, நீங்களே பார்க்கறேளே. படத்துல மொத்தமே ரெண்டு பேர்தான் இருக்கேள்."

"எவ்ளோ நேரம்மா?" என்றேன் நான்.

"நாலு நாள். எனக்கு அந்தத் தகடு நாலு நாள் ஆச்சு. நாலு நாளும் காலம்பர பத்து மணிக்கு வருவார். அந்த ட்ரான்ஸ்பார்மருக்குப் பின்னாடி, உங்க கடைலேர்ந்து பார்த்தாத் தெரியாத இடமாப் பார்த்து நிப்பார். சாயங்காலம் நான் கிளம்பறச்சேயும் நின்னுண்டிருப்பார். ரெண்டாம் நாள் கீழ டீ குடிக்கப் போனப்போ கேட்டேன், யாருக்காக நிக்கறேள்னு. 'அம்மா வேலையா இருக்காங்க. முடிச்சிட்டு நிமிரட்டும்னு நிக்கிறேங்க'ன்னார்."

தை மாசம் கல்யாண சீசன். சேலை மலை மாதிரி குவிந்து கிடக்கும். விடிந்தால் மெஷினில் உட்கார்ந்து பொழுது அடைந்தால்தான் எழுந்திருப்பேன். யாராவது வாசலில் நின்றால்கூடத் தலையைத் தூக்காமல், அங்கே வச்சிட்டுப் போ என்பேன். அந்த வருஷம் நிறைய வேலை பார்த்தோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

"அப்ப உனக்குக் கண்ணும் சரியில்லைம்மா" என்று ஜஹானாரா என் முதுகைத் தடவினாள்.

"ஊசியில நூல் கோத்த கண்ணு. தூக்கிப் பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றேன். என் பிள்ளை நிற்கிற விஷயத்தில் எனக்குச் சாக்கு வேண்டாம்.

வைதேஹி முந்தானை இல்லாத தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாலாம் நாள் சாயங்காலம் மேல ஏறி வந்து, படம் முடிஞ்சுடுத்தான்னு கேட்டார். தகட்டைக் காட்டினேன். தன்னைப் பார்க்கவே இல்லை அவர். உங்களைத்தான் தேடிப் பார்த்தார். 'இளைச்சிருக்காங்க'ன்னார். அப்புறம் கிளம்பிட்டார். அதுக்கப்புறம் நான் பார்க்கலை."

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

"கிளம்பும்போது உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனான்?"

"ஏதோ சொல்லிண்டுதான் போனார்."

"போறேன்னு சொன்னானா, வரேன்னு சொன்னானா?"

ஜஹானாரா என் கையைப் பிடித்தாள். வைதேஹிக்கு நான் என்ன கேட்கிறேன் என்று புரிந்துவிட்டது. எந்த வீட்டுப் பொம்பளைக்கும் புரியும். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். உதடு லேசாக அசைந்தது, அவன் சொன்னதைத் திரும்பச் சொல்லிப் பார்க்கிற மாதிரி. கண்ணைத் திறந்தபோது கலங்கியிருந்தார்.

"ஞாபகம் இல்லையேம்மா" என்றார். "வரேன்னுதான் சொன்னார்னு சொல்லிடலாம். ஆனா எனக்கு நிஜமா ஞாபகம் இல்லை."

என் வாய்க்கு நாலு வார்த்தை வந்தது. ட்ரான்ஸ்பார்மரில் எத்தனை போல்ட் என்று பார்த்துப் போட்டவருக்கு, அவர் முகத்தைப் பார்த்து என் பிள்ளை சொன்ன ஒரு வார்த்தை நினைவில்லையாம். ஆனால் யாரைத் திட்டுவது? யாரோ பெற்ற பிள்ளையை நாலு நாள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து, கைவிரல் வரைக்கும் வரைந்திருக்கிறார். பெற்றவள் ஒரு தடவை நிமிரவில்லை.

"போலாம்மா" என்று ஜஹானாரா தோளைப் பிடித்து இழுத்தாள். நான் அந்த மேஜையை விட்டு நகரவில்லை.

"அவசரம் இல்ல" என்றேன் வைதேஹியிடம். "உக்காந்து நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. வரேன்னு சொன்னானா?"